பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

கேள்வி: ஒரு குழுத் தலைவி

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக இருக்கிறேன். மொத்தம் 64 பிள்ளைகள். மூன்றாம் வகுப்பறையின் மேற்கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. மழை நாளில் வடக்கு மூலையில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைக்கிறார் தலைமையாசிரியர். மூன்று கூட்டங்களில் தீர்மானம் போட்டோம், தீர்மானங்களைப் பதிவு செய்யும் கல்வித் துறையின் கைப்பேசிச் செயலியிலும் ஏற்றினோம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால், ஆசிரியர்கள்தாம் தங்கள் பொறுப்பு, கட்டடம் ஒன்றியத்துடையது என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்திலோ, மேலிருந்து நிதி ஒதுக்காமல் மதிப்பீடு தயாரித்து என்ன பயன் என்கிறார்கள்.

1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தத்தின் மூலம், தில்லியும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போன கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் தில்லியிலிருந்து சென்னைக்கு வர வேண்டிய அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிற யாரும், சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வர வேண்டியதைப் பற்றிப் பேசக் காணோம். வாளி வைப்பதற்கு மேல் இந்தக் குழு எதைச் செய்ய முடியும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆயினும் பள்ளிக்கூடம் முழுக்க ஊர்க்காரர்கள் கையில் இருந்த காலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தை ஒட்டி ஒன்றியங்கள் உருவானபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. நான் 1974இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தபோது எங்கள் பகுதியில் மாறுதல் என்றால் ஒன்றியப் பெருந்தலைவரின் வீட்டுத் திண்ணைதான். ஒரு பிரமுகரின் உறவினர் பள்ளி மைதானத்தில் வைக்கோல் போர் போட்டிருந்தார். பிள்ளைகள் விளையாட இடமில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய நாள், பேருந்து போகாத ஒரு சிற்றூருக்கு மாறுதல் ஆணை என் கைக்கு வந்தது. வைக்கோல் போர் அங்கேயே இருந்தது.

இப்படிப்பட்ட கதை ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒன்றாவது இருந்ததால்தான், 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆக்கப்பட்டபோது அதை விடுதலையாகவே நாங்கள் கொண்டாடினோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றியத்தின் பிடியிலிருந்து வெளியே வந்த நாங்கள், பதவி உயர்வுக்கு மட்டும் ஒன்றிய அளவிலான முன்னுரிமையை, அதாவது பணிமூப்பு வரிசையை, விடாமல் வைத்துக்கொண்டோம். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில முன்னுரிமையாக மாற்றியதும் ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கின. பதவி உயர்வு வேண்டுமென்றால் வேறு மாவட்டத்துக்குப் போக நேரும் என்று ஆசிரியைகள் அஞ்சியது வீண் அச்சமன்று. எஜமானர் தொலைவில் இருக்க வேண்டும், வேலை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி என்று பேரன் கேலி செய்கிறான், மறுக்க முடியவில்லை.

2022இல் 13,331 காலியிடங்களை மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முயன்றபோது, வேண்டியவர்களுக்கே வேலை போகும் என்ற எதிர்ப்பு எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் இடைக்காலத் தடையும் வந்தது நினைவிருக்கலாம். நியமனமும் மாறுதலும் ஊருக்குள் வரவே கூடாது என்பது என் முடிவு. கூரை வேறு விஷயம்.

மறுமொழி 2: கல்வி அலுவலகப் பணியாளர்

பணம் எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 31 முதல் 100 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு என்று ஒதுக்கப்பட்டுவிடும். மீதியில்தான் சாக்பீஸ், மின் விளக்கு, சிறு பழுது எல்லாம். முன்பு இந்தத் தொகை பள்ளியின் வங்கிக் கணக்கிலேயே கிடக்கும். 2021க்குப் பிறகு பள்ளியிடம் இருப்பது வெறும் இருப்பில்லாக் கணக்கு. பணம் மாநிலத்தின் ஒற்றைக் கணக்கில் இருக்க, உங்களுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் காட்டப்படும். வட்டிக்காகப் பணத்தை முடக்கிவைக்கும் வழக்கம் இதனால் ஒழிந்தது உண்மை. ஆனால் நிதியாண்டு முடியும் தறுவாயில் வரம்பைத் திறந்துவிட்டு, மார்ச் 31க்குள் செலவழியுங்கள் என்று சொன்னால் கொத்தனார் எங்கே கிடைப்பார்?

இந்த மானியம் வருவது தில்லியும் மாநிலமும் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்திலிருந்து. தில்லியின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் தில்லி அரசு நிறுத்திவைத்த 2,152 கோடி ரூபாய்க்காக, 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு நடக்க வேண்டிய 25 விழுக்காடு சேர்க்கையும் அந்த ஆண்டு இந்த இழுபறியில் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

கம்பி தெரிகிற கூரைக்கு இந்த மானியம் பயன்படாது. வேறொரு வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவுக்குக் கண்காணிக்கவும் பரிந்துரைக்கவும் மட்டுமே இடம் தருகிறது என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பிரிவைப் படியுங்கள். குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசோ உள்ளாட்சியோ வகுக்கும் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தனித் தீர்மானத்தை நிலுவையில் போடுவது எளிது. முறையாக எழுதி ஒப்புகை பெற்ற வளர்ச்சித் திட்டத்தை அப்படிப் போட முடியாது.

மறுமொழி 3: பாலக்காட்டுத் தமிழர்

தலைமையாசிரியர் ஐயா சொல்லும் எல்லைக்கோட்டைத்தான் கேரளம் ஏறக்குறைய அப்படியே போட்டிருக்கிறது. இங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராம ஊராட்சியின் பொறுப்பில், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சியின் பொறுப்பில். நியமனம் தேர்வாணையத்திடமும் மாறுதல் துறையிடமும் இருப்பதால் வைக்கோல் போர் அரசியல் ஆசிரியர் தலையில் விழுவதில்லை. ஓடு மாற்றுவது, கழிப்பறை கட்டுவது போன்றவற்றை வார்டு உறுப்பினரை வழிமறித்தே கேட்டுவிடலாம். 1996இல் உள்ளாட்சிகளே மக்களோடு சேர்ந்து திட்டமிடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்ததால் அவர் கையை விரிப்பதும் கடினம். எல்லாம் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகளே இங்கு எண்ணிக்கையில் அதிகம், அவற்றின் மேலாளரிடம் ஊராட்சியின் பேச்சு அதிகம் எடுபடாது.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கும் மேல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் தனி அலுவலர்களிடம் போயின. அதிகாரத்தைக் கீழே இறக்குவதென்றால், வாங்கிக்கொள்ள நாற்காலியில் ஓர் ஆள் வேண்டுமே.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நியமனம் பற்றி ஐயா எழுதியதைப் படித்த பிறகு, ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எனக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது. எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்கு வேலை தேடும் மருமகள்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வளர்ச்சித் திட்டத்தை எழுதி, முதல் இனமாகக் கூரையை வைத்து, வட்டாரக் கல்வி அலுவலகம், ஒன்றிய அலுவலகம் இரண்டிலும் ஒப்புகை வாங்கப் போகிறேன். அந்த அறையைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதை ஒன்றியப் பொறியாளர் ஒரே வரியில் எழுதித் தரட்டும் என்றும் கேட்டிருக்கிறோம். வாயால் "கூடாது" என்று சொல்லிவிட்டார், எழுதத்தான் யோசிக்கிறார்.