புது எஞ்சின், 30 வயசு ஹோஸ்: ஆர்எக்ஸ்-7 ரன்னிங்-இன் அனுபவம்

மெல்போர்னில் இருக்கிறேன். 1993 மாடல் மஸ்தா ஆர்எக்ஸ்-7 வைத்திருக்கிறேன். 13பி ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும்), இரட்டை டர்போ. ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் போனதால் எஞ்சினைப் பிரித்து எல்லா சீலும் புதிதாகப் போட்டு வாங்கினேன். செலவை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள், வேண்டாம்.

வண்டி வந்த மூன்றாம் நாள். கழுவலாம் என்று ஷெட்டிலிருந்து பத்தடி வெளியே எடுத்து அணைத்தேன். செய்யக்கூடாத வேலை அதுதான். கழுவி முடித்துச் சாவியைத் திருப்பினால் 'விர்ர்ர்' என்று ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுகிறது. நல்ல ரோட்டரி என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே 'சுஃப், சுஃப், சுஃப்' என்று தாளம் கேட்கும். எனக்குக் கேட்டது தையல் மெஷின் மோட்டார் சத்தம். புது சீலும் போச்சு என்று வயிறு கலங்கிவிட்டது.

ஒன்றும் போகவில்லை, ஃபிளட் ஆகியிருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்கு பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடேறும் முன்பே அணைத்தால் அது உள்ளே தங்கி, சீல் மேல் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் கம்ப்ரஷனும் (உள்ளே அமுக்கும் அழுத்தம்) போனது. ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கோடு இன்னும் பதியாத புது சீல் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டையும் துண்டித்துவிட்டு, கீழ்வரிசை பிளக்குகளைக் கழற்றி, பத்துப் பத்து விநாடியாகச் சுற்றவிட்டேன். ஓட்டை வழியே பெட்ரோல் பீய்ச்சியது. மருந்து சிரிஞ்சால் ஒவ்வொரு ரோட்டருக்கும் கொஞ்சம் எஞ்சின் ஆயில், அப்புறம் புது பிளக். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தார்.

அடுத்த தொல்லை ஐடில். 700க்கும் 1500க்கும் ஊஞ்சல் ஆடியது. "புது எஞ்சின் அப்படித்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக். பாதி உண்மை. கசிவைத் தேடிப் புகை விட்டுப் பார்த்ததில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இடியாப்பம் போலக் கிடக்கும் வேக்குவம் ஹோஸ்களில் ஒன்று வெடித்திருந்தது. எஞ்சினைப் புதுப்பித்தவர்கள் பழைய ஹோஸையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்! எல்லாவற்றையும் சிலிக்கானுக்கு மாற்ற இரண்டு நாள் ஆனது.

அப்புறம் ரன்னிங்-இன், அதாவது புது சீல் பதியும்வரை மெதுவாக ஓட்டுவது. 1600 கி.மீ. வரை 4000 ஆர்பிஎம் தாண்டவில்லை, பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏறவிடவில்லை. இரண்டாவது டர்போ 4500 பக்கம்தான் எழுந்திருக்கும், அது தூங்கியே கிடந்தது. மினரல் ஆயில், 500 கி.மீ.யில் ஒருமுறை மாற்றினேன். 300 கி.மீ.யில் கம்ப்ரஷன் 79 பிஎஸ்ஐ காட்டியது. மஸ்தாவின் கீழ் எல்லை 85. அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் பார்த்தால் பேட்டரி பலவீனம்: 250 ஆர்பிஎம்மில் எடுக்கவேண்டிய அளவை 200க்கும் கீழே எடுத்திருக்கிறேன். நல்ல பேட்டரியில் 90, 2000 கி.மீ.யில் 104.

* * *

அண்ணா, நான் ஆக்லாந்து. என் கதை நேர் எதிர். புது எஞ்சினை ஆரம்பத்திலேயே லோடு கொடுத்து ஓட்டினால்தான் சீல் பதியும் என்று ஒரு கட்சி இருக்கிறதே, அதை நம்பி 400 கி.மீ.யில் மிதித்தேன். அதோடு, எக்ஸாஸ்டை ஃப்ரீஃப்ளோவாக மாற்றியிருந்தேன். இந்த வண்டியின் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) ஓட்டை சின்னது. எக்ஸாஸ்ட் தடையில்லாமல் போனால் பூஸ்ட் தானாக மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரு 'டிக்' சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஐடில் குதிரை நொண்டுவது மாதிரி.

டெஸ்டரை மாட்டினால் முன் ரோட்டரின் மூன்று முகங்களில் (பக்கங்களில்) ஒரு முகம் நன்றாக இருக்கிறது, இரண்டு முகம் படுத்துவிட்டது. ஒரு அபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்கு நடுவே நிற்பதால், அது உடைந்தால் இரண்டும் சேர்ந்துதான் விழும். துண்டு டர்பைனையும் கடித்துவிட்டுப் போயிருந்தது. இப்போது இரண்டாவது தடவையாக எஞ்சின் பிரித்தாகிவிட்டது. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்குகிறீர்களா? எவ்வளவு?

* * *

கலக்குகிறேன் தம்பி. சீலுக்கு ஆயில் ஊட்டும் பம்பும் வேலை செய்வதால் 50 லிட்டருக்கு 200 மில்லி மட்டும். பூஸ்ட் கேஜ் மாட்டிவிட்டாயா? வேஸ்ட்கேட்டைப் பெரிதாக்காமல் அந்த எக்ஸாஸ்டை மறுபடி மாட்டாதே.