பழைய ஷாம்பெயின்: 'முதிர்வு' என்ற ஒரு சொல் போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> ஒயின் பழையதாவதை 'முதிர்வு' என்றாலே போதுமே. புதுச்சொல் எதற்கு?

மற்ற ஒயின்களுக்குப் போதும். ஷாம்பெயின் இரண்டு முறை மூப்படைகிறது. பிரான்சின் ரான்ஸ், எபெர்னே நகரங்களின் நிலவறைகளில், சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிய புட்டிக்குள்ளேயே இரண்டாவது நொதித்தல் நடக்கிறது. செத்த ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படிகிறது. ஒரே ஆண்டின் அறுவடையில் செய்ததென்றால் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டுகள் புட்டியிலேயே கிடக்க வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் ஏழெட்டு ஆண்டுகள்கூட விட்டுவைப்பார்கள். ஈஸ்ட் மெல்லக் கரையக் கரைய, வெண்ணெய் சேர்த்துச் சுட்ட ரொட்டியின் வாசம் ஏறுகிறது. பிறகு புட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்தில் இறங்கிய மண்டியை உறையவைத்துத் திறந்தால், உள்ளிருக்கும் வாயுவே அதை வெளியே தள்ளிவிடும். அதன்பின் தக்கை அடைக்கிறார்கள். அங்கிருந்து வேறு மூப்பு தொடங்குகிறது: தேன், ஹேசல்நட், காளான் வாசங்கள் வரும், குமிழிகள் அடங்கும்.

சாப்பாட்டு மேசையில்தான் இந்த வேறுபாடு உறைக்கும். 2008 அறுவடையின் இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அண்மையில் மண்டி நீக்கியதில் புளிப்பின் கூர்மை குறைந்திருக்காது. வெண்ணெயில் வாட்டிய ஸ்காலப் சிப்பிக்கு அது பொருந்தும். பத்து ஆண்டுகளுக்கு முன்பே மண்டி நீக்கியதை அதே சிப்பியோடு வைத்தால் சிப்பியின் ருசி அமுங்கிவிடும். அதற்கு மொரேல் காளானும் கிரீமும் சேர்த்த கோழி வேண்டும், அல்லது நன்றாக முற்றிய கோம்தே சீஸ். (இவ்வளவு பழையதை ஐஸ் வாளியில் முக்கி, ஒல்லிக் கிளாஸில் ஊற்றுவது அநியாயம். 12 டிகிரி அளவில், வயிறு அகன்ற கிளாஸில் ஊற்றினால்தான் வாசம் எழும்.)

ஆகவே மண்டியோடு நடக்கும் முதல் மூப்புக்கு 'மண்டி விளைவு', தக்கை அடைத்தபின் நடக்கும் இரண்டாவதற்கு 'தக்கை முதிர்வு' என்பது என் முன்மொழிவு. செத்த ஈஸ்ட் தானே கரைவதற்கான 'தற்சிதைவு' என்ற அறிவியல் சொல் ஆய்வுக்கூடத்தோடு இருக்கட்டும். சிதைந்ததைக் காசு கொடுத்து யார் குடிப்பார்கள்? திருமுருகாற்றுப்படையில் கானவர் அருந்தும் தேறலும் (தெளிந்த கள்) மூங்கிலில் 'விளைந்தது'தான்.

மறுமடல்:

> தக்கை முதிர்வு

இடிக்கிறதே, ஐயா. பெரும்பாலோர் மண்டியோடு வைத்திருக்கும் காலத்தில் உலோக மூடி போடுகிறார்கள். போலாஞ்சே நிறுவனமோ ஒரே ஆண்டின் அறுவடையில் செய்த தன் ஷாம்பெயினுக்கு அப்போதே தக்கை போட்டுவிடுகிறது. அங்கே இரண்டுமே தக்கை முதிர்வு ஆகிவிடும். மண்டி நீங்கித் தெளிந்தபின் நடப்பதால் 'தெளி முதிர்வு' எனலாம். 'விளைவு' என்றால் பசுங்குடில் விளைவுதான் நினைவுக்கு வருகிறது. 'மண்டியூறல்' எப்படி?

மறுமடல்:

தெளி முதிர்வு அருமை. ஊறல் வேண்டாம், அம்மா. 'சாராய ஊறல் அழிப்பு' என்று நாளிதழில் படித்துப் பழகியவர்கள், 2008 ஷாம்பெயினையும் போலீஸ் தரையில் கொட்டியதாக நினைத்துக்கொள்வார்கள். 'மண்டி விளைதல்' என்று தொழிற்பெயராகவே வைப்போம். வேறு மறுப்பு வராவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.