பழி தீர்த்த பின்னர் மனம் நிறைந்ததா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

காவிரிக்கரை:

நான் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். என் சித்தப்பா மகனும் நானும் கூட்டாக நடத்திய கடையிலிருந்து அவன் பிரிந்துபோனபோது, எனக்குச் சேர வேண்டிய பங்குக்காகக் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. உறவினர்கள் கூடிப் பேசிய அன்று, அப்படியொரு பாக்கியே கிடையாது என்றும், கடையில் கிடந்த கையெழுத்திட்ட காசோலையை நான் எடுத்து நிரப்பிக்கொண்டேன் என்றும் அவன் சொன்னான். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொண்டிருப்பேன். பெரியப்பாவின் முன்னிலையில் என்னைத் திருடனாக்கிய அந்தச் சொல்தான் என்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

காசோலை வழக்கு என்று நாம் சொல்வது, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்கீழ் தொடரப்படுவது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்று வழக்கறிஞர் விளக்கியபோது, என் காதில் ஏறியது சிறை என்ற சொல் மட்டுமே. இத்தகைய வழக்கில் எந்தக் கட்டத்திலும் சமரசத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. முழுத் தொகையையும் தந்துவிடுவதாக அவன் தரப்பிலிருந்து தூது வந்தபோதும் நான் இணங்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரத்தோடு சென்று, பெயர் அழைக்கப்பட்டதும் அவன் கைகட்டிக் கூண்டருகே போய் நிற்பதைப் பார்ப்பதற்காகவே பின் வரிசையில் அமர்ந்திருப்பேன்.

தண்டனை அறிவிக்கப்பட்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டானது உண்மை. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள், மேல்முறையீட்டில் அவன் என்ன பொய் சொல்வான், அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மனத்துக்குள் விசாரணை மறுபடியும் தொடங்கிவிட்டது. கடையில் பித்தளையை எடைபோடும்போதும், மகளின் திருமண அழைப்பிதழுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போதும் அவனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டேதான் இருந்தேன்.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, பெரியப்பா இருவரையும் அழைத்து உட்காரவைத்தார். அங்கே அவன், "அண்ணே, அது உன் பணம்தான். செக்கை நீ எடுக்கல, நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்" என்றான். அன்றோடு என் மனத்துக்குள் நடந்த விசாரணை நின்றது. வழக்குத் தொடுத்ததை இன்றும் சரியென்றே கருதுகிறேன். அது இல்லாவிட்டால் அந்த ஒப்புதல் ஒருநாளும் வந்திருக்காது. ஆயினும் தீர்ப்பு தராத ஒன்றை அவன் வாயிலிருந்து வந்த அந்தச் சொற்கள் தந்தன.

கோவை உளவியல் மாணவி:

ஐயா, உங்கள் அனுபவம் நாங்கள் பாடத்தில் பயிலும் ஆய்வுகளோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகிறது. பழிவாங்கும் ஆசை பொய்யானதன்று. 2004இல் சூரிக் ஆய்வாளர்கள், தம்மை ஏமாற்றியவருக்குத் தண்டனை விதிக்க முடிவெடுப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, வெகுமதியை எதிர்பார்க்கும்போது இயங்கும் பகுதி அங்கே இயங்குவதைக் கண்டார்கள். அதாவது, இனிக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு உடம்பிலேயே இருக்கிறது.

இனிக்கிறதா என்பதுதான் கேள்வி. கெவின் கார்ல்ஸ்மித், திமதி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாகப் பணம் முதலிடும் விளையாட்டு ஒன்றை அமைத்தார்கள். எல்லாரும் பொதுவில் பணம் போடுவோம் என்று தூண்டிய ஒருவரே பிறகு தம் பங்கைப் போடாமல் ஏமாற்றிவிடுவார். அவரைத் தண்டிக்க வாய்ப்புப் பெற்றவர்கள், தண்டித்தால் மனம் தேறும் என்று நம்பினார்கள். உண்மையிலோ, தண்டிக்க வாய்ப்பே பெறாதவர்களைவிட அவர்களின் மனநிலை மோசமாக இருந்தது. ஏமாற்றியவரைப் பற்றி அவர்களே அதிகமாக நினைத்துக்கொண்டும் இருந்தார்கள். தண்டிக்க இயலாதவர்கள் அதை அற்பம் என்று ஒதுக்கிவிட்டு நகர, தண்டித்தவர்கள் தம் செயலாலேயே அதைப் பெரிய விஷயமாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஜெர்மானிய உளவியலாளர் மாரியோ கோல்விட்ஸரின் ஆய்வுகள் இதற்கு ஒரு திருத்தம் சொல்கின்றன. தவறு செய்தவர், தாம் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்பதை உணர்ந்ததாகத் தெரிவித்தபோது பழிவாங்கியவர்களுக்கு நிறைவு ஏற்பட்டது. அவர் துன்பப்பட்டதைக் காண்பது மட்டும் அதைத் தரவில்லை. உங்கள் பெரியப்பா வீட்டில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

செஞ்சி வட்டத்துக்காரன்:

எங்கள் பக்கம் பங்காளிப் பகை பெரும்பாலும் கிணற்றில்தான் தொடங்கும். பொதுக் கிணற்றில் யார் முறை, எத்தனை மணி நேரம் என்ற தகராறில் என் தந்தையின் கையை ஒரு பங்காளி முறித்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, அவர் மின்சாரத்தை முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தந்தை அதிகாரிகளுக்குத் தெரிவித்தார், இணைப்புத் துண்டிக்கப்பட்டது. காய் பிடிக்கும் பருவத்தில் அவருடைய மல்லாட்டை (நிலக்கடலை) பயிர் காய்ந்தது.

நாள்தோறும் காலையில் என் தந்தை வரப்பில் நின்று அந்தக் காய்ந்த கொல்லையைப் பார்த்துவிட்டு வருவார். முதலில் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பிறகு அது போய்விட்டது, பார்க்கப் போவது மட்டும் நிற்கவில்லை. எங்கள் கொல்லையில் களை எடுக்காமல் கிடந்ததை அம்மாதான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பங்காளியோ, மின்சாரம் போனது தம் கெட்ட நேரம் என்றே கடைசிவரை நம்பினார். கை முறிந்ததற்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. தங்கை மேலே சொன்னதைப் படித்தபோது, தந்தையை வாட்டியது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

எங்கள் வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று பல நாட்கள் நடந்து, இறுதியில் துரியோதனன் படுகளம் வரும். ஊர்ப் பொட்டலில் மண்ணால் செய்த பேருருவத் துரியோதனனின் தொடையை வீமன் பிளக்க, திரௌபதி தன் சபதம் நிறைவேறிக் கூந்தலை முடிப்பாள். அத்தனை இரவுகளாக அந்த நொடிக்காகவே கூட்டம் காத்திருக்கிறது. அது முடிந்ததும் ஒப்பாரி எழும். துகிலுரிதல் அன்று துரியோதனனைச் சபித்த அதே பெண்கள் அவனுக்காகவும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். கதைப்படி திரௌபதிக்கும் இன்னும் இழப்பு மிச்சம் இருக்கிறது, அவளுடைய ஐந்து மகன்களும் அன்றிரவே அசுவத்தாமனால் கொல்லப்படுகிறார்கள். சபதம் நிறைவேறிய இடத்தில் கதையை நிறுத்தாமல் அழுகையையும் சேர்த்து நடத்திய எங்கள் முன்னோர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

எல்லாரும் ஒரே திசையில் பேசுவதால், மாறுபட்ட என் அனுபவத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தை நான் கையாடியதாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. விசாரணை நடந்து நான் குற்றமற்றவள் என்று முடிவானாலும், அந்த மாதங்களில் மாணவிகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க இயலாது. எழுதியவர் உடன் பணியாற்றிய ஆசிரியர் என்பது பின்னர் உறுதியாகத் தெரிந்தது.

நான் தலைமையாசிரியை ஆன பிறகு, நல்லாசிரியர் விருதுக்கு என் பரிந்துரையைக் கேட்டு அவர் வந்தார். "உட்காருங்க சார்" என்று சொல்லி, அந்தக் கடிதத்தின் படியை அவர் முன் வைத்து, இதனால்தான் பரிந்துரைக்க மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, எழுந்து போய்விட்டார்.

பொறையுடைமை அதிகாரத்தைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தியவள் நான். ஒறுத்தவர்க்கு ஒருநாள் இன்பம் என்று வள்ளுவரே ஒப்புகிறார். எனக்கு அது ஒரு நாளில் தீரவில்லை. அவர் பொய்யாக வேறெந்த இழப்பையும் அடையும்படி நான் செய்யவில்லை. செய்தது எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் நேரில் சொன்னேன், தகுதியில்லாத இடத்தில் என் கையெழுத்தைத் தர மறுத்தேன். பொறுத்துக்கொண்டு போங்கள் என்ற அறிவுரை, அவமானப்பட்ட பெண்களிடம்தான் அதிகமாகச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்டுக் கையெழுத்திட்டிருந்தால், அந்த விருதை அவர் வாங்கும் மேடைக்குக் கீழே நான் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்கும்.