ஆற்றுக்கு நன்றி சொல்வது எப்படி? தென்னாப்பிரிக்காவின் டர்பன் அன்பர்களின் அனுபவப் பகிர்வு

சாட்ஸ்வொர்த்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசம் முடிந்து காவடிகளைப் பிரித்து வைத்தாயிற்று. சித்திரைக் காவடி வருவதற்குள் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம் என்று தோன்றியது. நம் வழிபாட்டில் பாதி தண்ணீரின் கரையில்தான் நடக்கிறது. காவடி எடுப்பவர்கள் ஆற்றில் முழுகிவிட்டுக் கிளம்புகிறார்கள். அஸ்தி கரைக்க உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு, புளூ லகூன் பக்கம் போகிறோம். கங்கையம்மன் பூஜைக்குக் கடற்கரை. இவ்வளவும் தரும் தண்ணீருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

என் தாத்தாவின் குடும்பம் ஸ்பிரிங்ஃபீல்டில் உம்கேனி ஆற்றை ஒட்டிக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் பலர் அந்த வண்டல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் தலைநிமிர்ந்தார்கள். கீரை, புதினா, அவரை, மிளகாய் என்று விளைந்ததைக் கூடையில் சுமந்துபோய் விற்றார்கள். அதே ஆறு 1917 அக்டோபரில் பெருக்கெடுத்து, டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நம் மீனவர்கள் ஆறு பேர் படகை அந்த வெள்ளத்தில் திரும்பத் திரும்ப இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டான் அறுவர் என்று டர்பனில் இன்றும் அவர்களைப் பற்றிப் பேசுவோம். தாத்தா அப்போது சிறுவன். அந்த வெள்ளத்தைப் பற்றி அவர் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆற்றை அவர் ஒரு வார்த்தை வைது கேட்டதில்லை. பொங்கலன்று முதல் கரண்டிப் பொங்கலை வாழையிலையில் எடுத்துப்போய் ஆற்றோரம் படைத்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் பரிமாறச் சொல்வார். "நமக்குச் சோறு போட்டவ அவதானே" என்பார்.

பிறகு நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், தோட்டம் போயிற்று. அந்தப் படையலை மட்டும் யாரும் விடவில்லை. தாத்தாவுக்குப் பிறகு ஆயா, அப்புறம் அம்மா, இப்போது நான்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, உறவினர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்காக முகத்துவாரத்துக்குப் போயிருந்தோம். அந்த மழையில் நானூறு பேருக்கு மேல் இறந்ததையும், கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து கடற்கரைகளில் குளிக்கத் தடை போட்டதையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரையில் கால் வைக்க இடமில்லை. ஒடிந்த நாணல், பாட்டில், தெர்மோகோல். நடுநடுவே நம்முடைய பொருள்கள் தனியாகத் தெரிந்தன. கற்பூர டப்பா, ஊதுபத்தி உறை, பன்னீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டோடு விட்ட பூமாலை. ஜரிகை வைத்த நைலான் சேலை ஒன்று மரவேரில் சுற்றிக் கிடந்தது.

பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட, சயன் சபை என்ற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ சபையின் ஆட்கள் ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு கோகோ (ஜூலுவில் பாட்டி), எங்கள் ஆயா வயது இருக்கும், குனிந்து குனிந்து குப்பையைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சேலையை வேரிலிருந்து அவிழ்த்ததும் அவர்தான். சாக்கில் போடவில்லை. மடித்து என்னிடம் நீட்டி, "இது உங்கள் ஜெபத்துணி, நான் குப்பையில் சேர்க்கக் கூடாது" என்றார். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "இன்றைக்கு இங்கேதான் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறோம். ஆண்டவர் வரும் இடத்தைப் பெருக்க வேண்டாமா?" என்றார். வாசல் பெருக்கிக் கோலம் போட்ட பிறகே விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவள் நான். அவர் சொன்னது சட்டென்று புரிந்தது. அவரோடு சேர்ந்து நானும் என் தங்கையும் பொறுக்கினோம்.

இதைக் கோயிலில் பெண்கள் கூட்டத்தில் சொன்னேன். இப்போது காவடிக்கு முதல் நாள் கரையைச் சுத்தம் செய்வதும் எங்கள் விரதத்தில் சேர்ந்துவிட்டது. தட்டு வேண்டாம், வாழையிலை போதும். கற்பூரத்தைக் கரையில் அகலில் ஏற்றுகிறோம். தேங்காயை உடைத்துப் பிரசாதமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம். சேலையின் முந்தானையை மட்டும் நீரில் தொட்டு எடுத்து, தேவைப்படுகிற பெண்ணுக்குக் கொடுக்கிறோம். கங்கையம்மனுக்குச் சாத்திய சேலையை ஒருத்தி உடுத்தி நடப்பதில் அம்மனுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அக்கா, வணக்கம். எங்கள் ஊர் உம்சுண்டுஸி ஆறு கடைசியில் உங்கள் உம்கேனியில்தான் கலக்கிறது. இங்கே போடுவது அங்கே வந்து சேரும் என்பதால் எங்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. நான் எழுத வந்தது மரத்தைப் பற்றி.

எங்கள் ஊரில் புனித வெள்ளியன்று தீமிதி நடப்பது உங்களுக்குத் தெரியும். அம்மனுக்குக் கட்டும் தழை பெரும்பாலும் சிரிங்காதான். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு இங்கே வேம்பு கிடைக்கவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, கசப்பு இலையுள்ள இந்த மரத்தை வேம்பாக ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைக்கு அம்மை போட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் நிலைப்படியில் செருகுவது சிரிங்காக் கொத்துதான். ஆனால் அது இந்த மண்ணின் மரம் இல்லை. மஞ்சள் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன, ஓடைநீரும் அடித்துக்கொண்டு போகிறது. கரை முழுக்க அதுவே முளைத்து, உள்ளூர் மரங்களுக்கு இடமில்லாமல் செய்கிறது. அரசின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் அது இருக்கிறது.

எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஓடை ஒன்று உண்டு. கரையிலுள்ள சிரிங்காவை வெட்டலாம் என்று இளைஞர்கள் சொன்னபோது கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். "அம்மன் மரத்தில் கத்தி வைப்பதா?" என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்தத் தழையைக் கட்டிக்கொண்டுதான் அவர்கள் பூக்குழி இறங்கியிருக்கிறார்கள், அந்தத் தழைக்கு நடுவில்தான் பிள்ளைகளைப் படுக்க வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எங்கள் பூசாரி ஐயா எல்லோரையும் பேசவிட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: "தாய்க்கு எல்லாப் பிள்ளையும் வேண்டும். ஒரு பிள்ளை மற்றதின் சோற்றைப் பிடுங்கித் தின்றால் தாய் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்."

அப்புறம் வழி பிறந்தது. கோயில் முற்றத்தில் இருக்கும் பழைய மரம் நிற்கட்டும். தீமிதிக்குத் தழை ஒடிக்கும்போதே காய்க்கொத்துகளையும் சேர்த்து ஒடித்துவிட்டால் பழுத்து விதை பரவாது. ஓடைக்கரையில் முளைத்தவற்றை மஞ்சள் குங்குமம் வைத்து, அம்மனிடம் உத்தரவு கேட்டு, வேரோடு எடுத்தோம். அந்த இடத்தில் உம்டோனி நட்டோம். ஆற்றங்கரையில் தானாக வளர்ந்து வேரால் மண்ணைப் பிடித்து வைக்கும் உள்ளூர் மரம். நம் நாவலுக்கு நெருங்கிய சொந்தம். பழமும் அதே கருநீலம், நாக்கில் அதே கறை. வெட்டக் கூடாது என்று அன்று சத்தம் போட்ட ஒரு பாட்டி, பழம் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "முருகன் ஔவைக்கு உதிர்த்ததற்கு இது தங்கச்சி" என்றார். கன்றுகளுக்கு இப்போது தண்ணீர் ஊற்றுவது அவர்தான். குரங்குகளும் அந்தப் பழத்துக்கு வரும் என்று சொன்னால், அனுமாருக்கும் பங்கு உண்டு என்கிறார்.

சிலர் கேட்டார்கள், உள்ளூர் மரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண் நம்மைத் தாங்குகிறது. அதற்கு உரியதை அதற்குத் திருப்பித் தருவதும் பூஜைதான் என்று நான் நினைக்கிறேன்.

பிளஃப் பகுதியிலிருந்து

நாங்கள் வலை இழுக்கும் குடும்பம். சுருக்கமாகவே சொல்கிறேன். 2017 அக்டோபர் புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பல் பெட்டிகள் கடலில் விழுந்து 49 டன் பிளாஸ்டிக் மணிகள் கொட்டின. பருப்பு அளவுதான் இருக்கும், பார்த்தால் மீன்முட்டை போலவே தெரியும். மீனும் பறவையும் அப்படி நினைத்துத்தான் விழுங்கின. என் அப்பா பழைய மாவுச்சல்லடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து மணலைச் சலித்தார். இத்தனை மணலில் இதனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வலையைப் போடுமுன் கடலம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தானே போடுகிறோம்? கும்பிட்ட கை சும்மா இருக்கலாமா?" என்றார். நானும் உட்கார்ந்தேன். இன்றும் அதிக அலைக்குப் பிறகு அந்த மணிகள் மேலே வருகின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சல்லடையோடுதான் கடற்கரைக்குப் போகிறார்கள்.

டர்பன் வடக்கிலிருந்து

நான் சிதம்பரத்துக்காரன். வேலைக்காக இங்கே வந்தவன். அக்கா சேலை சுற்றிக் கிடந்த வேரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முகத்துவாரத்தின் வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு இருக்கிறது. முதல் முறை அங்கே போனபோது பிச்சாவரத்தில் நிற்பது மாதிரி இருந்தது. சேற்றிலிருந்து ஊசிஊசியாக மேலே நிற்கும் மூச்சுவேர்கள், உப்புப் பூத்த இலை. விசாரித்தால் வெண்கண்டல் இங்கேயும் அதே இனம்தான், சுரபுன்னையும் இருக்கிறது. எங்கள் ஊரில் தலமரம் தில்லை. அதுவும் உப்பங்கழிச் சேற்றில் வளரும் மரம்தான். நடராஜர் ஆட வந்தது ஒரு அலையாத்திக் காட்டுக்குள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு, அப்படி ஒரு காட்டின் மூச்சுவேரில் பிளாஸ்டிக் பை மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

அந்த வேர்கள் மூடிக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். சேற்றில் காற்று இல்லாததால்தான் வேரை மேலே நீட்டி வைத்திருக்கிறது. டர்பன் துறைமுகம் பெருகப் பெருக, விரிகுடாவில் இருந்த அலையாத்தியில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பதில் முக்கியமான ஒன்று இது. மீன்குஞ்சும் நண்டும் வளர்வது இங்கேதான் என்பதை மேலே எழுதிய மீனவ அன்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் மார்கழித் திருவாதிரை அன்று கோயிலுக்குப் போய்விட்டு, அதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்து வேர்களுக்கு நடுவே பொறுக்குவேன். தனியாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது என் அலுவலக நண்பர்கள், ஜூலுக்காரர்கள் இருவர், கூட வருகிறார்கள்.

டோங்காட்டிலிருந்து

எல்லாம் படித்தேன். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். சங்கற்பம் செய்து ஆற்றில் விடுவது பெரியவர்கள் வகுத்த முறை. குறைத்துக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? அடுத்த தலைமுறைக்கு ஏற்கெனவே தமிழ் பேசத் தெரியவில்லை. சடங்காவது முழுசாகப் போய்ச் சேரட்டும் என்பது என் கவலை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, மறுபடி

ஐயா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. நான் எந்தச் சடங்கையும் குறைக்கச் சொல்லவில்லை. பெரியவர்கள் ஆற்றில் விட்டது பூ, இலை, மஞ்சள், மண் அகல். எல்லாம் மண்ணில் பிறந்து மண்ணில் கரைபவை. பிளாஸ்டிக் தட்டும் நைலானும் நம் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றை எடுத்துவிட்டால் என் தாத்தா செய்த பூஜைதான் மிஞ்சுகிறது. பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறேன். கோயிலுக்குள் அரை மணி உட்காராத என் பேரன், கரையைச் சுத்தம் செய்யும் அன்று விடியுமுன் எழுந்து நிற்கிறான். இது ஏன், அது ஏன் என்று அவன் கேட்கும்போதுதான் கங்கையம்மன் கதை, காவடிக் கதை, டின் டவுன் கதை எல்லாம் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகத்தான் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறான்.

சிதம்பரத்துத் தம்பி, தனியாகப் போக வேண்டாம், எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். மாரிட்ஸ்பர்க் தம்பி, உம்டோனிக் கன்று நாலைந்து இருந்தால் எங்கள் கோயிலுக்கும் கொடுங்கள். சித்திரைக் காவடிக்கு முந்தின சனிக்கிழமை, கடல் வற்றும் நேரம் பார்த்து முகத்துவாரத்தில் கூடுகிறோம். சயன் சபைக் கோகோவிடமும் சொல்லியிருக்கிறேன், அவர் தன் ஆட்களோடு வருகிறார். கண்ணாடித் துண்டுகள் கிடக்கும், வெறுங்காலோடு யாரும் வராதீர்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள், கழிவுநீர் கலந்திருக்கும். சாக்கு நாங்கள் கொண்டுவருகிறோம், கையுறை மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள். தயிர்ச்சோறும் ஊறுகாயும் கோயில் பெண்கள் பொறுப்பு.