தனிய நிண்டு ஐடி ஆலோசகர் வேலை செய்யிற ஆக்கள் இருக்கிறியளோ?

கொக்குவில்காரன்:
ஆறு வருசம் கொழும்பில சம்பளத்துக்கு வேலை செய்திட்டு, போன வருசம் ஊருக்கு வந்து தனியத் தொடங்கினனான். லண்டன் ஆக்களோடதான் கூடுதலா வேலை. அவைக்குப் பின்னேரம் 5 மணி எண்டா எனக்கு இரவு 9.30, குளிர்காலத்தில 10.30. அது பரவாயில்லை. ஒரு கடையின்ர பழைய சேர்வர் கணினியில இருந்ததுகளை கிளவுட்டுக்கு, அதாவது இணையத்துக்குள்ளால பாவிக்கிற வாடகைக் கணினிக்கு மாத்தி, விடியப்புறம் எல்லாம் ஓடத் தொடங்கேக்க வந்த சந்தோசம் சம்பள வேலையில வரேல்லை. ஆனா ரெண்டு மாசமா பில் காசு வரேல்லை. அம்மா கவுண்மேந்து உத்தியோகம் பார் எண்டு நிக்கிறா.

சுன்னாகத்து அக்கா:
தம்பி, முற்பணம் வாங்காமல் கை வையாதேங்கோ. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அதுக்குள்ளயும் ஒரு வேலையை முடிச்சுக் குடுத்தனான், மிச்சக்காசு இண்டைவரைக்கும் வரேல்லை. இப்ப மூண்டில ஒரு பங்கு முதலே வாங்குறன். தாறன் எண்டு இழுக்கிற ஆளை விட்டிடுவன்.

நல்லூர்:
வரியையும் பாருங்கோ. 2025 ஏப்ரலில இருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் உண்டு, ஆகக்கூடினது 15 வீதம். வருசம் 18 இலட்சம் வரைக்கும் விலக்கு. காசை வங்கிக்குள்ளாலயே எடுங்கோ.

கொக்குவில்காரன்:
நன்றி அக்கா. இண்டைக்கு இரவே அவையோட கதைக்கிறன்.