சிகாகோவில் லுஃப்தான்சாவிலிருந்து யுனைடெட்டுக்கு மாறுவது: நேரம் போதுமா?

வணக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சாவில் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்துக்கு வருகிறார்கள். அங்கிருந்து ஒமாஹாவுக்கு யுனைடெட். எல்லாம் ஒரே டிக்கெட்தான். சிகாகோவில் இடைவெளி 2 மணி 10 நிமிடம்.

இரண்டும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கின்றன, பெட்டி நேராக ஒமாஹா போய்விடும் என்று ட்ராவல்ஸ்காரர் அடித்துச் சொல்கிறார். டேக் ஒமாஹா வரைக்கும்தான் இருக்கும், சரி. ஆனால் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் நாமே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் இமிகிரேஷன் வரிசை வேறு. லுஃப்தான்சா இறங்குவது டெர்மினல் 5, யுனைடெட் கிளம்புவது டெர்மினல் 1. நடுவில் ரயில், அப்புறம் இன்னொரு செக்யூரிட்டி சோதனை. அம்மா கைப்பையில் ஊறுகாய் பாட்டில் வைத்தால் அங்கே கட்டாயம் மாட்டும்!

இருவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான், முதல் பயணம். வீல்சேர் கேட்டிருக்கிறேன். சமீபத்தில் பெற்றோரை இப்படி அழைத்து வந்தவர்கள் சொல்லுங்கள்: வீல்சேர் ஆள் பெட்டி எடுப்பதிலிருந்து டெர்மினல் 1 கேட் வரை கூடவே வருவாரா, வழியில் ஆள் மாறுவாரா? யுனைடெட் போர்டிங் பாஸ் சென்னையிலேயே கொடுத்துவிடுவார்களா?

விமானத்தை விட்டாலும் ஒரே டிக்கெட் என்பதால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள், தெரியும். ஆனாலும் அவ்வளவு நீண்ட பயணத்துக்குப் பிறகு அவர்களை அங்கே அலையவிட மனமில்லை. மாலை விமானத்துக்கு இப்போதே மாற்றிவிடலாமா?