அந்தமான் நைட் டைவுக்கு எடை குறைந்த டார்ச்: எது வாங்கலாம்?

நீலக்கால்நண்டு: சென்னையிலிருந்து ஃபிளைட். ரெகுலேட்டர், ஃபின் எல்லாம் போக டார்ச்சுக்கு 300 கிராமுக்கு மேல் ஒதுக்க முடியாது. சுவராஜ் தீவில் (பழைய பேர் ஹேவ்லாக்) ரெண்டு நைட் டைவ், பகலில் பாறை இடுக்கு பார்க்கணும். ஒரே 18650 செல்லில் (சார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரி) 5000 லூமன் வெளிச்சம், 2000 ரூபாய்னு ஆன்லைனில் கிடக்குது. நம்பலாமா?

ஆழ்கடலான்: நம்பாதீங்க, கணக்குப் போட்டாலே தெரியும். நல்ல 18650 செல் 3500 எம்ஏஎச், 3.6 வோல்ட், அதாவது 12.6 வாட்-அவர். எல்இடி வாட்டுக்கு 100 லூமன் தருதுன்னு வெச்சுக்குங்க. 5000 லூமனுக்கு 50 வாட், கால் மணி நேரத்தில் செல் காலி. அதுக்கு முன்னாடியே சூடேறி வெளிச்சத்தை அதுவே குறைச்சுக்கும். 1000 லூமன்னா ஒரு மணி நேரம் தாராளமா வரும், ஒரு நைட் டைவுக்குப் போதும்.

லூமனைவிட பீம், அதாவது ஒளி விரியிற கோணம், முக்கியம். 8 முதல் 12 டிகிரி குறுகலான பீம் இடுக்குக்குள்ள போகும், சிக்னல் காட்டவும் உதவும். 100 டிகிரி பீம் வீடியோவுக்கானது. தண்ணி கலங்கியிருந்தா துகளெல்லாம் ஒளிர்ந்து முன்னாடி வெள்ளைத் திரைதான். 200 லூமன் அளவுக்குக் குறைக்கிற வசதியும் பாருங்க, கூட வர்றவர் கண் கூசாது. பேக்கப்புக்கு இன்னொரு சின்ன டார்ச் கட்டாயம்.

உப்புக்காத்து: ஏர்போர்ட்டில் ஸ்பேர் செல் கேபின் பையில்தான், செக்-இன்னில் கூடாது. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டப்பியில் போடுங்கள். டார்ச்சிலிருந்தும் செல்லைக் கழற்றிவிடுங்கள். பைக்குள் தானே எரிந்தால் துணி கருகும். அதிக வெப்பம் தரும் டைவ் டார்ச்சுக்கு ஏர்லைனின் முன்அனுமதி தேவை, ஒரு மெயில் போட்டு வைப்பது நல்லது.

9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 போலி. தராசில் வையுங்கள்: அசல் செல் 45 கிராம் சுமாருக்கு வரும், போலி பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. புரொடெக்டட் செல் (பாதுகாப்பு சர்க்யூட் வைத்தது) 69 மி.மீ. வரை நீளும், சாதா செல் 65தான். நீளம் பொருந்தாவிட்டால் வெளிச்சம் விட்டுவிட்டு வரும், அல்லது மூடி முழுதாக இறங்காது.

நீலக்கால்நண்டு: நன்றிங்க. தலையைத் திருகி ஆன் பண்றதா, காந்த ஸ்விட்சா?

ஆழ்கடலான்: காந்தம். திருகுறதில் ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங் (தண்ணி புகாம அடைக்கிற வளையம்) உரசுது, தண்ணிக்குள்ள தவறுதலா அதிகம் தளர்த்திட்டா கதை முடிஞ்சது. ஆனா காந்த ஸ்விட்ச் அடியில் மணல் சிக்கும். டைவ் முடிஞ்சதும் நல்ல தண்ணியில் முக்கி, பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளுங்க.

உப்புக்காத்து: ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாதீர்கள், பழைய ஏடிஎம் கார்டு முனை போதும். அரிசி அளவு கிரீஸ், விரலிடையே உருவினால் மினுமினுப்பு தெரியணும், கட்டியாக நிற்கக் கூடாது. ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலே தண்ணீர் இறங்கிவிடும். சிலிக்கோன் ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் போட்டால் உப்பிவிடும், ரிங் எந்த ரகம் என்று பார்த்து வாங்குங்கள்.